பை இல்லாமல் போன வெள்ளிக்கிழமை

பகல் பன்னிரண்டு இருபதுக்கு அந்தப் படம் வந்தது. முழுதாக வரவில்லை. மேல்பாதி வந்தது, கீழ்ப்பாதி சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டது. வந்த பாதியில் வெளுத்த வானமும், ஒரு இரும்புக் கேட்டின் ஈட்டி முனைகளும், அவற்றுக்குப் பின்னால் ஒரு புளியமரத்தின் தலையும் இருந்தன. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் படம் தெளிவாகவே இருந்தது. அதற்கு ‘முகப்பு’ என்று பெயர் கொடுத்துக் கம்ப்யூட்டரில் சேமித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

அந்தக் கேட்டுக்கு உள்பக்கம் என் மகன் நின்றுகொண்டிருந்தான். வெளிப்பக்கம் பூட்டு. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தக்காளி சாதத்தில் உப்பு கம்மி என்பதுதான்.

நான் சொத்து மதிப்பீட்டாளர். வீட்டையோ நிலத்தையோ ஆலையையோ அடமானம் வைத்துக் கடன் கேட்கிறவர்களின் சொத்து என்ன விலை பெறும் என்று நேரில் போய்ப் பார்த்து வங்கிக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு வெல்ல மண்டியின் மாடியில் ஆபீஸ் போட்டேன். அந்த நாளில் இந்த வேலைக்கு ஒரு பெண் வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் தோல் ஷாப்பு கேட்டில் போய் நின்றால் வாட்ச்மேன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, “இஞ்சினியர் எங்கம்மா?” என்று கேட்பார். நான்தான் என்றால், “சரி, அவர் வர்ற வரைக்கும் உக்காருங்க” என்பார். நாலைந்து வருஷத்தில் பழகிவிட்டார்கள். மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தோல் ஷாப்பு என்று நாங்கள் சொல்வது தோல் பதனிடும் தொழிற்சாலையை. பச்சைத் தோல் உப்பு போட்டு வந்து இறங்கும், சுண்ணாம்பு நீரில் ஊறும், மர டிரம்களில் மருந்தோடு சுழலும், மாடியில் காயும். நாற்றத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மதிப்பீட்டு அறிக்கையில் அதற்குக் கட்டம் கிடையாது.

இந்த ஷாப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிற வெளியாள் கேட்டில் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் சீட்டு மஞ்சள் நிறம். வாட்ச்மேன் அதை வாங்கி, கேட் ரூம் ஜன்னலில் தொங்கும் கம்பியில் குத்திவைப்பார். பார்த்து முடித்து நாம் வெளியே வரும்போது அதே சீட்டைக் கம்பியிலிருந்து உருவி, கையெழுத்துப் போட்டு நம்மிடம் திருப்பிக் கொடுப்பார். இடத்தை நேரில் பார்த்தோம் என்று வங்கிக்குக் காட்ட நமக்கு அது சாட்சி. ஆள் வெளியே போயாச்சு என்பதற்கு அவருக்கு அது சாட்சி. கம்பி காலியாக இருந்தால் ஷாப்பு காலி. பூட்டிவிட்டுப் போகலாம்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் இது ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பிறகு என் மகன் பி.இ. முடித்துவிட்டு ஆபீசுக்கு வந்தான்.

சென்னையில் வேலை பார்க்கிறேன் என்று ஒரு வருஷம் இருந்தான். இரண்டாயிரத்து எட்டு வாக்கில் அங்கே கம்பெனிகள் ஆட்களைக் குறைத்தபோது திரும்பி வந்தான். வந்த முதல் வாரம் ஆபீஸ் அலமாரிகளைப் பார்த்தபடி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது வாரம் பேசினான்.

“அம்மா, இதெல்லாம் எதுக்கு?”

“எதெல்லாம்?”

“பேப்பர்.”

ஆபீஸ் என்றால் பேப்பர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அவன் சென்னை ரிச்சி தெருவில் ஒரு போன் வாங்கி வந்தான். குச்சியால் தொட்டுத் தொட்டு எழுதுகிற போன். அதில் கேமரா உண்டு, இன்டர்நெட் உண்டு, அவனே செய்து ஏற்றிய ஒரு படிவமும் உண்டு. ஸ்தலத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் நிரப்பிவிடலாம். படம் எடுத்தால் அது தானாக வேலூர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் வந்து விழும். அவன் பஸ் ஏறித் திரும்பி வருவதற்குள் நான் அறிக்கையைப் பாதி முடித்துவிடலாம். நாம் இனிமேல் மொபைல் என்றான். முன்பும் நாங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டுதான் இருந்தோம்.

பழைய நகல்களைப் பழைய பேப்பர்காரர் மூன்று நடை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வங்கிக்கு முதல் அறிக்கையை ஈமெயிலில் அனுப்பினோம். அவர்கள் அதை இரண்டு பிரதி பிரிண்ட் எடுத்துவைத்துக்கொண்டு, வந்து கையெழுத்துப் போட்டு சீல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். போய்ப் போட்டேன். காகிதம் அவர்களுடையது என்பதால் எங்கள் ஆபீஸ் காகிதம் இல்லாத ஆபீஸாகவே இருந்தது.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சார்ட்டுகளைப் பாதுகாக்கிற பிரிவில் வேலை பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் காகிதத்துக்கு நடுவில் நின்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிடும்போது மகன் அவருக்கு அந்தப் போனை விளக்கினான்.

“இதுல அளவு குறிச்சுக்கலாம்ப்பா. கால்குலேட்டர் இருக்கு. டார்ச் இருக்கு. இனிமே அந்தப் பையே தேவையில்ல.”

“தண்ணி இருக்கா?” என்றார்.

“அப்பா.”

“இல்லப்பா, பையில தண்ணி பாட்டில் இருந்துச்சே, அதுக்குக் கேட்டேன்.”

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் தொழில் தொடங்கிய வருஷம் வாங்கின தோல் பை. அளவு டேப்பு, அட்டை, கார்பன், மஞ்சள் சீட்டுக் கட்டு, டார்ச், தண்ணீர் பாட்டில் எல்லாம் அதில் இருக்கும். நான் போட்டுக்கொண்டு திரிந்தேன். பிறகு அவன் போட்டுக்கொண்டு திரிந்தான். அவன் கைக்கு மாறியபோது பக்கவாட்டுப் பாக்கெட்டில் நான் ஒரு பொருளைக் கூடுதலாக வைத்தேன். இன்ஹேலர். வீட்டில் நாங்கள் பஃப் என்போம்.

அவனுக்குக் குழந்தையிலிருந்தே வீசிங். பள்ளிக்கூட நாட்களில் மாதம் ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். நெஞ்சு விசில் அடிக்கும். ஒரு டாக்டரம்மா எனக்கு ஒரு கணக்கு சொல்லிக்கொடுத்தார்: ஒரு மூச்சில் பிள்ளை எத்தனை வார்த்தை பேசுகிறான் என்று பாருங்கள், ஒரு வரி முழுசாகப் பேசினால் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், வார்த்தை வார்த்தையாக வந்தால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள். அதிலிருந்து அவன் என்ன பேசினாலும் நான் முதலில் அர்த்தத்தைக் கேட்க மாட்டேன். கல்லூரிக்குப் போன பிறகு மெல்ல மெல்ல விட்டுவிட்டது. இரண்டு வருஷமாக வரவேயில்லை. இருபத்து நாலு வயசுப் பையன் பஃப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போக வெட்கப்படுவான். பை என்றால் வெட்கமில்லை. அது பாட்டுக்கு அதில் கிடக்கும்.

படிவத்தில் எனக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. மஞ்சள் சீட்டுக்குப் பதிலாக வாட்ச்மேன் கையெழுத்துப் போடுகிற கட்டம் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

“கையெழுத்து வெளிய வர்றப்ப இல்ல வாங்குவோம்?”

“கடைசில வெச்சா மறந்துடுதும்மா. முதல்லயே வாங்கிட்டா வேலை முடிஞ்சுது. எப்ப போட்டா என்ன, கையெழுத்து கையெழுத்துதானே?”

சரி என்றேன். அவன் படித்தவன், நானும் படித்தவள்.

அந்த வெள்ளிக்கிழமை பார்க்க வேண்டியிருந்தது ஆம்பூருக்கு வெளியே பாலாற்றை ஒட்டி இருந்த ஒரு தோல் ஷாப்பு. முதலாளி சென்னை பெரியமேட்டில் இருந்தார். உள்ளூர் மேனேஜர் போனில் அனுமதி கொடுத்திருந்தார். காலை ஏழரைக்கு மகன் பஸ் ஏறினான். கையில் போன், சட்டைப் பையில் பஸ் காசு. ஆம்பூருக்குப் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி கையை வீசிக்கொண்டு போகிறாயே என்றேன். பாய்மார் ஊரில் சர்ச்சுக்குப் போகிற நமக்கு யார் பெண் தருவார்கள் என்று சிரித்துக்கொண்டே போனான்.

பத்து மணியிலிருந்து படங்கள் வர ஆரம்பித்தன. திறந்த கேட்டில் நின்று உள்ளே பார்த்து எடுத்த படம்: வலப்பக்கம் கூடாரம் போல உப்புக் குவியல், இடப்பக்கம் சுவரை ஒட்டித் திறந்த சாக்கடை. பிறகு டிரம்கள், சுண்ணாம்புத் தொட்டிகள், மாடியில் பலகைகளில் அறைந்த தோல்கள், பின்னால் கழிவுநீர்த் தொட்டி. உட்கார்ந்த இடத்தில் ஒரு ஆலையே என் முன்னால் வந்து நின்றது. ஆணியில் தொங்கிய பையைப் பார்த்து, உனக்கு ஓய்வுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த ஷாப்பு பன்னிரண்டோடு சரி. ஜும்மா தொழுகைக்குப் போகிறவர்கள் போவார்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள், மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். மகனுக்கு இது தெரியும். பதினொன்றரைக்குள் முடித்துவிடுவதாகத்தான் சொல்லியிருந்தான். ஆனால் கழிவுநீர்த் தொட்டியை அளக்கும்போது போன் ஒரு தடவை நின்றுபோய், நிரப்பினதெல்லாம் அழிந்து, அவன் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறான். பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் சங்கு ஊதியது கேட்கவில்லை. ஜெனரேட்டர் நின்றபோது கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்தானாம். நிறுத்தியவர் அதோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு மணிக்கு அவனுக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். அந்தப் போன் எதை மறந்தாலும் பேட்டரி தீர்வதை மறக்காது, அதனால் பதறவில்லை. ஒன்றே காலுக்கு மறுபடி செய்தேன். ஒன்றரைக்கு வீட்டுக்காரருக்குச் செய்தேன்.

“பேட்டரி போயிருக்கும்” என்றார்.

“அப்படித்தான் நானும் நினைக்கறேன்.”

“அப்புறம் ஏன் போன் பண்ற?”

“சும்மாதான்.”

டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து அந்தப் பாதிப் படத்தை மறுபடியும் திறந்தேன். அறிக்கைக்குப் பொருந்துமா என்று பார்க்கத்தான். கேட்டின் ஈட்டி முனைகள் வரிசையாக, இடைவெளி இல்லாமல் இருந்தன. இரண்டு கதவும் சேர்ந்திருந்தன. காலையில் வந்த படத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் புளியமரம் எதுவும் இல்லை. புளியமரம் இருப்பது ரோட்டுக்கு எதிர்ப்பக்கம். அந்த வழியில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன். கேட்டுக்குப் பின்னால் அந்த மரம் தெரிய வேண்டுமானால் எடுத்தவன் உள்ளே நிற்க வேண்டும்.

படத்தைப் பார்த்து இடத்தைச் சொல்வதுதான் என் தொழில். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

எழுந்தேன். ஆணியில் பை. பக்கவாட்டுப் பாக்கெட்டைத் திறந்தேன். பஃப் அங்கேயே இருந்தது.

அதன் பிறகு நான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல என்னால் முடியவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டேன் என்று நினைக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் திருப்பத்தூர் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. விரிஞ்சிபுரம் தாண்டும் வரை நின்றுகொண்டே போனேன். நான்கு வழிச்சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் பஸ் மண்ணில் இறங்கி இறங்கி ஏறியது. மேனேஜருக்குப் போன் செய்தபடியே இருந்தேன். ஸ்விட்ச் ஆஃப். அவர் மூலமாகத் தெரிந்த இன்னும் இரண்டு பேர் எண் இருந்தது. ஸ்விட்ச் ஆஃப். தொழுகை நேரத்தில் போனை அணைத்துவைப்பது மரியாதை என்று எனக்குத் தெரியும். நாங்களும் சர்ச்சில் அணைத்துத்தான் வைப்போம். ஆனால் ஒரு ஊர் முழுக்க ஒரே நேரத்தில் அணைத்துவைத்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாதனூர் தாண்டும்போது மேனேஜர் எடுத்தார்.

“சொல்லுங்க மேடம். தொழுதுட்டு வந்து இப்பதான் போனை ஆன் பண்றேன்.”

“என் பையன் உங்க ஷாப்புக்குள்ள இருக்கான். வெளிய பூட்டியிருக்கு.”

“இருக்க முடியாதே மேடம். பன்னெண்டுக்கே ஷாப்பு காலி. ஆள் இருந்தா வாட்ச்மேன் பூட்ட மாட்டாரு. பழைய ஆளு.”

“அவன் போன் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு.”

“ஆம்பூர்ல யார் போன் மேடம் ஆன்ல இருந்துச்சு?” என்று சிரித்தார். “வயசுப் பையன். வெள்ளிக்கிழமை. ஆம்பூரு. பசி நேரம். எந்தக் கடைல பிரியாணி துண்ணுட்டு இருக்காருன்னு நீங்களே மதிப்பு போட்டுச் சொல்லுங்க.”

“அவனுக்கு வீசிங் இருக்கு. பஃப் என் கையில இருக்கு.”

சிரிப்பு நின்றது. சாவி வாட்ச்மேனிடம் ஒன்று, பெரியமேட்டில் முதலாளியிடம் ஒன்று. வாட்ச்மேன் தொழுகை முடிந்து அப்படியே பேரணாம்பட்டுக்கு, மகளைக் கொடுத்த வீட்டு விருந்துக்குப் போயிருக்கிறார். அவரிடம் போன் கிடையாது. “நான் இப்பவே ஆள் அனுப்பறேன் மேடம்” என்றார். பேரணாம்பட்டு போய் ஆளைத் தேடித் திரும்புவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ டிரைவர் ஒருவர் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தார். ஷாப்பு பேரைச் சொன்னேன்.

“இன்னிக்கு வெள்ளி மேடம். லீவு.”

“தெரியும்.”

“லீவுன்னு தெரிஞ்சே போறீங்களா?”

“ஆமா.”

கொஞ்சம் யோசித்தார். “சரி, குந்துங்க.”

வழியில் விஷயத்தைச் சொன்னேன். அதன் பிறகு அவர் ஆட்டோ ஓட்டிய விதத்தைப் பற்றித் தனியாக எனக்கு ஒரு பயம் இருந்தது.

கேட்டில் ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டு தொங்கியது. கம்பிகளின் உள்பக்கம் தகரம் அடித்திருந்ததால் எதுவும் தெரியவில்லை. ரோட்டில் ஒரு ஆள் இல்லை. கேட் ரூமும் பக்கத்து ஷாப்புகளும் பூட்டியிருந்தன. புளியமரத்தடியில் ஒரு ஆடு நின்றது. “தம்பி” என்று கூப்பிட்டேன். என் மகனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். பதில் இல்லை. தகரத்தில் கையால் அடித்தேன். உள்ளே எங்கேயோ ஏதோ உருண்டது. பிறகு தகரத்தின் மறுபக்கத்திலிருந்து ஒரு தட்டு.

“ம்மா.”

“தம்பி, எப்படி இருக்க?”

“இருக்... கேன்.”

ஒரு வார்த்தை. அதுவும் இரண்டாக உடைந்து வந்தது. இடையில் அந்த விசில். இரண்டு வருஷமாகக் கேட்காததால் எனக்கு மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன்.

“சுண்ணாம்புத் தொட்டி பக்கம் போகாத. பேசாத. தட்டினா போதும்.”

தட்டினான்.

ஆட்டோ டிரைவர் ஒரு கல்லை எடுத்து வந்து பூட்டை அடித்தார். கல்லை மாற்றி அடித்தார். பிறகு கையை உதறிக்கொண்டு, “பூட்டு ஸ்ட்ராங்கா கீது மேடம்” என்றார். கேட்டின் அடியில் நாய் நுழையாமலிருக்க சிமென்ட் திண்டு போட்டிருந்தார்கள். சுவர் இரண்டு ஆள் உயரம். மேலே உடைந்த பாட்டில் கண்ணாடி பதித்திருந்தது. ‘சுற்றுச்சுவர்: நல்ல நிலையில்’ என்று காலையில்தான் நான் தட்டச்சு செய்திருந்தேன்.

“சுவத்துக்கு மேல போட்ரலாம் மேடம். நான் எங்க தெரு டீம்ல பவுலரு.”

“கேட்ச் பிடிக்கிற நிலைமையில அவன் இல்ல.”

“மெதுவா போடறேன்.”

பஃப்பைக் கைக்குட்டையில் சுற்றி, மேலே என் முந்தானையிலிருந்த ஊக்கைக் குத்தி ஒரு பொட்டலமாகக் கொடுத்தேன். அவர் கேட்டுக்கு இடப்பக்கமாகப் போய் நின்று கையை ஓங்கினார். நான் கத்தினேன். இடப்பக்கம் சாக்கடை. பத்து மணிக்கு வந்த படத்தில் பார்த்திருக்கிறேன். வலப்பக்கம் உப்புக் குவியல்.

“வலது பக்கம் போங்க. சுவத்துலேர்ந்து நாலு அடி தள்ளி விழணும். அங்க உப்பு இருக்கு.”

“உள்ள போயிருக்கீங்களா மேடம்?”

“இல்ல.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வலப்பக்கம் போனார். வீசினார். பொட்டலம் கண்ணாடிக்கு மேலே போய் மறைந்தது.

சத்தம் எதுவும் வரவில்லை. கல்லில் விழுந்தால் சத்தம் வரும், தண்ணீரில் விழுந்தாலும் வரும், உப்பில் விழுந்தால் வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“தம்பி, கிடைச்சுதா?”

பதில் இல்லை.

“தம்பி.”

தட்டுக்கூட இல்லை. ஆட்டோ டிரைவர் கேட்டில் காதை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. மருந்தை இழுத்தால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும் பேசக் கூடாது, அம்மா கூப்பிட்டாலும் பேசக் கூடாது என்று அவனுக்கு ஐந்து வயசில் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். அவன் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அது நல்லதா கெட்டதா என்று அந்தக் கேட்டின் முன்னால் நின்று நான் யோசித்த மாதிரி எந்தத் தாயும் யோசித்திருக்க மாட்டாள்.

“கிடைச்சுதும்மா.”

“இன்னொரு தடவை இழு. நடுவுல கொஞ்ச நேரம் விடு.”

அதன் பிறகு காத்திருப்பதுதான் பாக்கி. ஆட்டோ டிரைவர் போய்த் தண்ணீர் பாக்கெட் வாங்கி வந்து ஒவ்வொன்றாக வீசினார். ஒன்று கண்ணாடியில் கிழிந்து எங்கள் தலையில் கொட்டியது, ஒன்று உள்ளே வெடித்தது, ஒன்று முழுசாக இறங்கியது. அது போதும் என்றான். வார்த்தைகள் சேர்ந்து சேர்ந்து வர ஆரம்பித்தன. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

“அம்மா, வாட்ச்மேன் எப்ப வருவாரு?”

நான்கு. “வந்துட்டே இருக்காரு.”

“ரிப்போர்ட்ல கேட்டு ஸ்ட்ராங்கா இருக்குன்னு போட்டுக்க.”

கேட்டுக்கு முதுகைக் காட்டி மண்ணில் உட்கார்ந்துகொண்டேன். தகரம் சுட்டது. மறுபக்கம் அவனும் அதேபோல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் என்று பிறகு சொன்னான். பூட்டின கேட்டைப் படம் எடுத்து அனுப்பும்போதே பேட்டரி தீர்ந்து, என்னைக் கூப்பிட முடியாமல் போனதையும் அப்போதுதான் சொன்னான்.

வீட்டுக்காரர் போன் செய்தார்.

“கிடைச்சானா?”

“கிடைச்சான். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கான்.”

“பஃப்?”

“எடுத்துட்டான்.”

அவருக்குப் பின்னால் டிராலி உருளும் சத்தம் கேட்டது. “எத்தனை வார்த்தை?” என்றார்.

“ஆறு, ஏழு வருது.”

போனை வைத்துவிட்டார். அன்றைக்கு மதியம் அவர் ஒரு சார்ட்டைக்கூட எடுத்துக்கொடுக்கவில்லை என்று அவரோடு வேலை பார்த்தவர் பல மாதம் கழித்து என்னிடம் சொன்னார்.

இவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியானால் நான் மகனுக்குப் போன் செய்கிறேன். இப்போது அவன்தான் தொழிலை நடத்துகிறான். என்னைவிட நன்றாகவே நடத்துகிறான். எடுத்தவுடனே, “வெளியதாம்மா இருக்கேன்” என்பான். சென்னையில் மாமியார் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் சொல்வான்.

அன்றைக்கு நாலு மணிக்கு மேல் பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு மொபெட் வந்தது. மேனேஜர் அனுப்பின ஆள் ஓட்டினார். பின்னால் வாட்ச்மேன், வெள்ளைத் தொப்பி, புதுசாக வெளுத்த ஜிப்பா, வாயில் பீடா, மடியில் விருந்து வீட்டில் கட்டிக்கொடுத்த ஒரு பொட்டலம். அவசரம் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தார்களாம். நிதானமாக இறங்கினார். முன்பு வேறொரு ஷாப்பு கேட்டில் பார்த்த என்னை அடையாளம் தெரிந்து சலாம் வைத்தார்.

“இன்னா மேடம், வெள்ளிக்கிழமை அதுவுமா?”

என் பையன் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறான் என்றேன். சீக்கிரம் திறங்கள் என்றேன். அவர் சாவிக்கொத்தை எடுத்தார், ஆனால் பூட்டில் போடவில்லை. கேட் ரூம் ஜன்னல் வழியாக எட்டிக் கம்பியைப் பார்த்தார். காலி. தகரத்துக்கு அந்தப் பக்கம் என் மகன் இருமினான்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“பேஜார் ஆவாதீங்க மேடம். தம்பி உள்ள இல்ல, காலையிலயே போய்ட்டாரு. போனதுக்கு அவரு போன்ல நான்தானே கையெழுத்துப் போட்டேன்.”